தசமிக்கும் ஏகாதசிக்கும் நடுவில்

பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் விடை தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் இதை நான் எழுதவே முடியாது. நான் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும் படித்தவன். கொக்குவிலில் இருந்து உடுவிலுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். வானில் ஏறுகிற பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு எனக்குப் பதில் தெரியாது. ஹோனை அடித்து, முன்னால் மாடு நிற்கிறது என்று சொல்லிச் சமாளிப்பேன். என் மகள் கேட்ட கேள்விக்கு அப்படி மாடு காட்ட முடியவில்லை. அதற்காக ஒரு மாதம் அலைந்தேன். அலைந்த இடமெல்லாம் எரிச்சல்தான் மிச்சம். அந்த எரிச்சலோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இது: “அப்பா, நான் சொன்னது பெரியப்பாவுக்குக் கேட்டதோ?”

பெரியப்பா என்று அவள் சொல்வது கனடாவில் இருந்த என் அண்ணனை. சண்டைக் காலத்தில் போனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவார். வந்தால் ஆரையாவது பகிடி பண்ணாமல் போக மாட்டார். மகள் நீச்சல் பழகப் போகிறாள் என்று முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். ஒரு ஞாயிறு அவளை முதன்முதல் அப்படிக் கண்ட அண்ணன், “அட, உந்த வீட்டிலை பெடியன் ஒருத்தன் எப்ப பிறந்தவன்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!” என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை.

“இனி உங்களோடை நான் கதைக்க மாட்டன்” என்று போனை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

சொன்னபடியே நின்றாள். அடுத்த ஞாயிறும் கதைக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் கதைக்கவில்லை. போன் அடித்தால் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அண்ணனும் விட்டாரா? “எங்கை அந்தப் பெடியன்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கிணற்றடிக்கு அது கேட்கும். கோபம் இன்னும் ஏறும்.

இப்படி இருக்கையில்தான் அண்ணனுக்குத் தலைக்குள் நரம்பு வெடித்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூச்சு விடுவதற்கு மெசின். அண்ணியின் குரலைக் கேட்டே எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு நாள் காலமை, நான் வானைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், அண்ணி எடுத்தார்.

“தம்பி, அவரின்ரை காதிலை போனை வைக்கிறன். ஒவ்வொருத்தராக் கதையுங்கோ.”

எனக்கு “அண்ணை, அண்ணை” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மனைவி அழுதாள். மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் மேசு மட்டும். போனை வாங்கினாள்.

“பெரியப்பா, எனக்கு உங்களிலை கோவம் இல்லை. முடி வளந்திட்டுது. நீங்கள் வந்து பாருங்கோ.”

அவ்வளவுதான். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வானில் ஏறிவிட்டாள். அன்றிரவு அண்ணனின் மெசினை நிற்பாட்டினார்கள். நெஞ்சுத் துடிப்பும் நின்றது.

இதோடு முடிந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. செத்தவீட்டுக் கதை ஓய்ந்த பிறகுதான் ஒன்று தெரிய வந்தது. அண்ணனின் மூளை முற்றாக நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் அதற்கு முதல் நாளே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய சட்டப்படி ஆள் அப்போதே இறந்தவர். மகன்காரன் கனடாவின் அடுத்த கரையில் வேலை செய்கிறான். அவன் வந்து முகம் பார்க்கும் வரைக்கும் மெசினைப் போட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மரணச் சான்றிதழில் இருப்பதும் அந்த முதல் நேரம். எங்கள் பிள்ளை கதைத்தது அதற்குப் பிறகு, மெசின் நிற்பதற்கு முன்பு.

பெரியவர்கள் கதைப்பதைப் பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப நான் கதைக்கேக்கை பெரியப்பா செத்துப்போய் இருந்தவரோ?”

“இல்லையம்மா, நெஞ்சு அடிச்சுக்கொண்டுதானே இருந்தது” என்றாள் மனைவி.

“மெசின் அடிக்கப் பண்ணினது. பெரியப்பா அதுக்குள்ளை இருந்தவரோ, இல்லையோ?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக்காயைப் பார்த்தேன்.

அவளைச் சமாதானப்படுத்த ‘கேட்டது’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மனைவிகூடப் பிறகு அதைத்தான் சொன்னாள். ஆனால் பொய் சொன்னால் இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதைவிட, எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. நானும் ‘அண்ணை, அண்ணை’ என்று ஆரைக் கூப்பிட்டேன்?

இந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளேயே வைத்து மெல்ல மெல்ல ஆற விட்டிருக்கலாம். அதற்குள் கல்வெட்டு வேலை வந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்களிடத்தில் கல்வெட்டு என்பது ஒரு சிறிய புத்தகம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பது. உள்ளே இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். படத்துக்கு அடுத்த பக்கத்தில் திதி வெண்பா. இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன திதியில் இன்னார் சிவபதம் சேர்ந்தார் என்று நாலு வரியில் சொல்லும் பாட்டு. வருடா வருடம் திவசம் செய்வது அந்தத் திதியில்தான். அங்கே மகன் கிரியை செய்ய, இங்கே எங்கள் வீட்டில் பிரார்த்தனையும் மதிய போசனமும் என்று ஏற்பாடு. கல்வெட்டு அடிக்கும் பொறுப்பு என்னுடையது.

பட்டணத்தில் அச்சகம் வைத்திருப்பவர் வெண்பாவும் தானே எழுதுவார். படம், தேவாரம் எல்லாம் கொம்பியூட்டரில் அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“திதியைச் சொல்லுங்கோ அண்ணை, இப்பவே கட்டித் தாறன்.”

நான் பஞ்சாங்கத்தை விரித்தேன். வைத்தியர் சொன்ன நேரத்துக்குத் தசமி. மெசின் நின்ற நேரத்துக்கு ஏகாதசி.

“ரெண்டு கிடக்கு” என்றேன்.

“ரெண்டு கிடக்கேலாது. ஆள் ஒருக்கால்தானே செத்தவர்?”

“அதுதான் பிரச்சினை.”

அவருக்குக் கதையைச் சொன்னேன். பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொழில்காரனாகிவிட்டார்.

“அண்ணை, தசமியெண்டாலும் எனக்குத் தளை தட்டாது, ஏகாதசியெண்டாலும் தட்டாது. ஆனா ரெண்டையும் ஒரு வெண்பாவுக்குள்ளை போட்டால் வாசிக்கிற சனம் என்னைத்தான் தட்டும். ஒண்டைச் சொல்லுங்கோ.”

பிறகு வருகிறேன் என்று எழும்பி வந்தேன். வானுக்குள் இருந்தபோதுதான் முழுதாக உறைத்தது. தசமி என்று அச்சடித்தால், கதைத்தபோது பெரியப்பா இல்லை என்று என் பிள்ளையின் கையிலேயே நான் எழுதிக் கொடுக்கிறேன். ஏகாதசி என்று அடித்தால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறேன். இருநூறு பேர் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். வருடா வருடம் அந்த நாளில் அவளை வைத்துக்கொண்டு படையல் போடுவோம்.

லண்டனில் இருக்கும் அக்காவைக் கேட்டேன். அக்காவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“சேர்ட்டிபிக்கற்றிலை என்ன கிடக்கோ அதுதான். நீ என்ன டொக்டரைவிடப் படிச்சவனோ?”

“அக்கா, பிள்ளை அண்ணையோடை கதைச்சவள்...”

“பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடு. மறந்திடும்.”

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் என்னோடு நானே சண்டை பிடித்தேன். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். ஐஸ்கிறீமில் எது மறந்தது என்று ஒருநாள் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஐயரிடம் போனேன். நல்ல மனிதர், என் வானில் பேத்தி வருகிறாள்.

“உயிர் பிரிஞ்ச நேரந்தான் திதி” என்றார்.

“எப்ப பிரிஞ்சதெண்டு எப்பிடி ஐயா பாக்கிறது?”

“மூச்சு நிக்கிற நேரம்.”

“மூச்சு மெசின் விட்டதய்யா. அவர் விடேல்லை.”

ஐயர் தோளில் கிடந்த சால்வையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

“சாஸ்திரம் எழுதின காலத்திலை மெசின் இல்லைத் தம்பி. நீங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுற திதிக்கு நான் சங்கற்பம் செய்து தாறன்.”

எல்லோரும் ஒன்றைச் சொல்லு, ஒன்றைச் சொல்லு என்றார்கள். சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் இவர்கள் வாசலில் நிற்கிறேன்?

அடுத்தது படித்த ஆள் ஒருவரைப் பிடிப்போம் என்று, எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கும் வாத்தியாரிடம் போனேன்; சேர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அது ஒரு ரியூசன் கொட்டில். தகரத்தால் நடுவில் மறித்து, இந்தப் பக்கம் பௌதிகம், அந்தப் பக்கம் உயிரியல். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைச் சொன்னேன்.

“அண்ணை, உது சிலபசிலை இல்லை” என்றார்.

“எனக்கும் சோதினை இல்லைச் சேர்.”

சிரித்தார். சிரித்துவிட்டு, வெண்கட்டியை எடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வெண்கட்டி எடுத்த மனிதர் எதையாவது முடித்து வைப்பார் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு நம்பிக்கை. பலகையில் இரண்டு புள்ளி வைத்தார். ஒன்று கொக்குவில், மற்றது அண்ணன் இருந்த ரொறன்ரோ. நடுவில் ஒரு வளைகோடு.

“உங்கடை அண்ணியின்ரை குரல் இதாலை வந்து உங்கடை காதுக்குச் சேரேக்கை அது பழசு. கொஞ்சம் முந்தி நடந்தது. நான் இப்ப கதைக்கிறதுகூட உங்களுக்குக் கேக்கேக்கை பழசுதான். நீங்கள் என்னைப் பாக்கிறதும் பழசுதான். வெளிச்சம் வந்து சேர வேணுமல்லோ?”

“ஓம்.”

“ஓடுற ஆளுக்கும் நிக்கிற ஆளுக்கும் நேரம் ஒரே மாதிரிப் போகாது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது எண்டதிலையே சில இடத்திலை ரெண்டு பேரும் ஒத்துவர மாட்டினம். ஆர் பிழையெண்டு சொல்லேலாது. உலகம் முழுக்கப் பொதுவா ஒரு ‘இப்ப’ எண்டு பௌதிகத்திலை இல்லை அண்ணை.”

அப்படியானால் தசமியும் சரி, ஏகாதசியும் சரியா?

“அப்ப, அண்ணை செத்த நேரத்தைச் சொல்லேலாது எண்டு சொல்லுறியளோ?”

“சேச்சே. கொக்குவிலுக்கும் ரொறன்ரோவுக்கும் அந்த வித்தியாசம் கண் இமைக்கிறதிலும் சின்னன். உங்கடை விசயத்துக்கு அது ஒண்டும் செய்யாது.”

“பிறகேன் சேர் சொன்னனீங்கள்?”

“நீங்கள் பெரிய கேள்வியாக் கேட்டியள், நான் பெரிய பதிலாச் சொன்னன்.”

வானை எடுத்து அந்தக் கொட்டிலோடு மோத வேண்டும் போல இருந்தது. அவருக்கும் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். “உங்கடை கேள்வி உயிரியல் அண்ணை” என்று சொல்லித் தகரத்தில் தட்டினார்.

“சேர்! மூளை நிண்ட ஆளுக்குக் காது கேக்குமோ?”

“கேக்காது!” என்று தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் தணிந்து, “ஏன், ஆருக்கு?”

“வான் அண்ணையின்ரை தமையனுக்கு.”

கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. உயிரியல் சேர் தகர இடுக்கால் எட்டிப் பார்த்தார். இளம் ஆள்.

“அண்ணை, காதுக்குள்ளை சத்தம் போறது, நரம்பு அதைக் கொண்டு போறது, மூளையிலை எந்த இடத்துக்குப் போறது, எல்லாம் நான் கீறிக் காட்டுவன். அந்த இடம் செத்திட்டால் அங்கை ஒண்டும் நடக்காது. அது சரி. ஆனா, நல்ல மூளைக்குள்ளையும் அதை ஆர் இருந்து கேக்கிறதெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. அது என்ரை பாடம் இல்லை.”

“ஆற்றை பாடம்?”

இரண்டு சேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ஒருத்தற்றை பாடமும் இல்லை” என்றார் பௌதிக சேர்.

நான் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன். பிள்ளைகளே, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சூரியன் எவ்வளவு தூரம் என்று சொல்கிறார்கள். அதன் வெளிச்சம் வர எவ்வளவு நேரம் என்று சொல்கிறார்கள். நட்சத்திரத்துக்குள் என்ன எரிகிறது என்றுகூடச் சொல்கிறார்கள். ஒரு காதுக்குப் பின்னால் இருந்து கேட்கிறது ஆர் என்பது மட்டும் ஒருத்தருடைய பாடமும் இல்லையாம். எல்லாப் பாடமும் அந்த ஆளுக்குத்தானே படிப்பிக்கிறார்கள்?

எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தபோது நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மயக்க ஊசி போட்டார்கள். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது வார்ட்டின் மின்விசிறி. நடுவில் ஒன்றுமே இல்லை. நித்திரையில்கூட நித்திரை கொண்டேன் என்று ஒரு உணர்வு இருக்கும், அதுகூட இல்லை. ஆனால் மனைவி சொல்கிறாள், கண் திறக்க முதலே “இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டாளாம், நான் “ஓம்” என்றேனாம். அந்த ஓமைச் சொன்னது ஆர்? எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒருவர் கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அண்ணனுக்குள்ளும் ஒருவர் இருந்திருக்கலாம் அல்லவா?

வானில் எனக்குப் பக்கத்துச் சீற்றில் மகள். இணுவில் தாண்டும்போது இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“உங்களுக்கு மூளை நிக்கேல்லையே அப்பா. நித்திரைதானே ஆக்கினவை.”

“ஓம்...”

“பிறகு அது வேறை, இது வேறை.”

பின் சீற்றில் இருந்த ஒரு குட்டி, “மாமா, முன்னாலை மாடு” என்றாள். உண்மையிலேயே மாடு நின்றது.

இதற்குப் பிறகுதான் நான் பெரிய கெட்டிக்காரன் ஆனேன். எங்களிடத்தில் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். ஒரு வீட்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். வருடப்பிறப்பு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நேரத்துக்கும் இந்தப் பக்கம் இன்னொரு நேரத்துக்கும் பிறக்கும். திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இரண்டிலும் ஒத்து வராது. எங்கள் வீடு வாக்கியம். பக்கத்து வீடு திருக்கணிதம். பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைச் சும்மா புரட்டினேன். அதில் ஏகாதசி முந்தியே தொடங்கிவிடுகிறது! வைத்தியர் சொன்ன நேரமும் ஏகாதசிக்குள். மெசின் நின்ற நேரமும் ஏகாதசிக்குள். பிள்ளை கதைத்ததும் அதற்குள்தான்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு பஞ்சாங்கத்தை மாற்றினால் வில்லங்கமே இல்லை! எப்போது இறந்தார் என்று ஆரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அக்காவுக்கும் சரி, அண்ணிக்கும் சரி, சான்றிதழுக்கும் சரி. வீட்டுக்கு ஓடி வந்து மகளுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். விரலால் இரண்டு நேரத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

“ரெண்டும் ஏகாதசியோ?”

“ரெண்டும் ஏகாதசி!”

“அப்ப பெரியப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ?”

நான் புத்தகத்தை அவள் பக்கம் இன்னும் தள்ளினேன்.

“இதிலை நிலா எங்கை நிக்குதெண்டுதானே அப்பா இருக்கு. நான் நிலாவைக் கேக்கேல்லையே.”

அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். உனக்காகத்தான் ஊரெல்லாம் திரிகிறேன், நீ ஒரு சொல்லில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறாயே என்று. ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை. நான் அச்சகத்துக்கு விடை தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தேடவில்லை.

இதற்குள் மனைவி அக்காவுக்குச் சொல்லிவிட்டாள். லண்டனில் இருந்து போன் பறந்து வந்தது.

“அடேய், எங்கடை வளவுக்குள்ளை திருக்கணிதம் எப்பயடா வந்தது? எங்களைப் பெத்த ஐயாவுக்கு வாக்கியத்திலை திவசம், அண்ணைக்குத் திருக்கணிதத்திலை திவசமோ? மேலை போய் ரெண்டு பேரும் வேறை வேறை நாளிலையோ சாப்பிடுறது?”

அக்காவின் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியாக, முதலிலேயே செய்ய வேண்டியதைச் செய்தேன். அண்ணியைக் கேட்டேன். துக்கத்தில் இருக்கிற மனுசியிடம் எப்படிக் கேட்பது என்றுதான் அதுவரை கேட்கவில்லை.

“அண்ணி, பிள்ளை கதைக்கேக்கை அண்ணையின்ரை முகத்திலை ஏதும் தெரிஞ்சதோ? ஒரு சின்ன அசைவு, கண்ணிலை தண்ணி, ஏதும்?”



“தம்பி, நான் முகத்தைப் பாக்கேல்லை. போனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். சார்ஜ் சிவப்பிலை நிண்டது. எல்லாரும் கதைச்சு முடிக்க முதல் நிண்டிடுமோ எண்டு பயம்.”

அதற்குமேல் நான் என்ன கேட்பேன்? அழுகிற சத்தம் கேட்டது. நான் பார்த்திருக்க வேணும், பார்த்திருக்க வேணும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். “இல்லை அண்ணி, நீங்கள் போனைப் பாத்தபடியால்தான் நாங்கள் கதைச்சனாங்கள்” என்றேன். அண்ணி சொன்னதை வீட்டில் மறைக்காமல் சொன்னேன். மகள் புத்தகத்தை எடுத்தாள். படிக்கப் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தவள் இனிக் கேட்கப் போவதில்லையோ என்று பயமாக இருந்தது.

அச்சகக்காரர் தினமும் போன் எடுத்தார். “அண்ணை, ஆள் செத்த நாளைப் போடாமல் கல்வெட்டு அடிச்ச முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பியள்.” நேரே போய் ஏகாதசி என்று சொன்னேன். வாக்கியத்தின்படியே, மெசின் நின்ற நேரத்துக்கு. நான் பக்கத்தில் இருக்கவே அவர் வெண்பாவைத் தட்டி முடித்து, வாசித்தும் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்குச் சனம் வந்தது. பந்தல், பிரார்த்தனை, சாப்பாடு. சனம் கல்வெட்டை வாங்கியதும் படத்தைப் பார்த்தது, அடுத்த பக்கத்தைப் புரட்டியது. நான் பயந்தபடியே நடந்தது. ஒரு சித்தப்பா முறையானவர் பாயாசக் கோப்பையோடு வந்தார்.

“தசமியெண்டெல்லோ உன்ரை கொக்கா லண்டனிலை இருந்து சொன்னவள்?”

“ஏகாதசி, சித்தப்பா.”

“ஆர் சொன்னது?”

“நான்தான்.”

“நீ எப்ப டொக்டரானனி?” என்றுவிட்டுப் பாயாசத்தைக் குடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போலப் பல்லைக் காட்டினேன்.

பாத்திரம் எல்லாம் ஒதுக்கிய பிறகு மகள் கல்வெட்டோடு வந்தாள். அந்தப் பக்கத்தில் விரல் வைத்திருந்தாள்.

“ஏகாதசி எண்டு போட்டிருக்கிறியள்.”

“ஓம்.”

“கேட்டதெண்டு கண்டுபிடிச்சிட்டியளோ?”

“இல்லைப் பிள்ளை.”

“பிறகேன் போட்டனீங்கள்?”

“ஒண்டைப் போடத்தான் வேணும். ரெண்டிலை எதெண்டு எனக்குத் தெரியேல்லை, படிச்ச ஆக்களுக்கும் தெரியேல்லை. தெரியாத இடத்திலை உன்ரை பக்கமாப் போட்டன்.”

“அது விடை இல்லை அப்பா.”

“ஓம். விடை இல்லை.”

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? ஒரு மாதம். ஐயர், சேர், இரண்டு பஞ்சாங்கம், இரண்டு தேசத்துப் போன். கடைசியில் வெறுங்கை. அவள் அழுதிருந்தாலாவது தூக்கி வைத்திருப்பேன். அழவில்லை. கல்வெட்டை மடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே மர வாங்கில் ஏறி இருந்தாள்.

பின்னேரம் அண்ணி வீடியோவில் வந்தார். அங்கே விடிந்திருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், என்ன கறி என்று விசாரித்தார். மகள் என் கையில் இருந்து போனை எடுத்தாள்.

“பெரியம்மா, அண்டைக்குப் போனைப் பெரியப்பாவின்ரை எந்தக் காதிலை வச்சனீங்கள்?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அண்ணனுக்கு இடது காது கேட்காது. இளந்தாரியாக இருந்தபோது பக்கத்தில் செல் குண்டு விழுந்து வெடித்துப் போன காது. ஊருக்கு வந்து நிற்கும்போது வீட்டில் எல்லோரும் அவருக்கு வலப்பக்கம் போய்த்தான் கதைப்போம். இத்தனை பேரை நான் கேட்டேன். இதை ஒருவரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

“வலக் காதிலைதான்!” என்றார் அண்ணி. “இடக் காதிலை வைக்க எனக்கென்ன விசரோ? கட்டிலுக்கு இடப்பக்கந்தான் கதிரை கிடந்தது. மற்றப் பக்கம் முழுக்க வயரும் ரியூப்பும். நேர்ஸ் பேசப் பேச அதுக்குள்ளாலை பூந்து போய் வச்சனான். நான் அந்த மனிசனோடை இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினதே வலப்பக்கம் நிண்டுதான். நான் ஏசத் தொடங்கினால் மட்டும் அவர் இடப்பக்கத்தைத் திருப்பிப் போடுவார்.”

சொல்லிக்கொண்டு வந்த அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கிட்டவோ வச்சனீங்கள்?”

“காதோடை ஒட்டி. சத்தத்தைக் கூட்டி.”

“நான் கதைச்சு முடியுமட்டும் சார்ஜ் நிக்கேல்லையே?”

“உனக்குப் பிறகுதான் நிண்டது. நீதான் கடைசி.”



“சரி பெரியம்மா” என்று சொல்லி மகள் போனை என்னிடம் தந்தாள். குசினிக்குள் போய் மிஞ்சிய வடை இருக்கிறதா என்று தாயைக் கேட்பது கேட்டது.

எது சரி? நல்ல காதுக்குப் போயிருந்தாலும், காதுக்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்ற கேள்வி அப்படியேதானே கிடக்கிறது? எழும்பிப் போய் அவளைக் கேட்க நினைத்தேன். அவள் செய்யக் கூடியது முழுவதும் சரியான பக்கத்தால் போய்ச் சேர்ந்தது என்பது அவளுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. போனில் அண்ணி, “தம்பி, லைனிலை நிக்கிறியளோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிக்கிறன் அண்ணி” என்றேன்.